பேலர் கட்டு வைக்கோலைப் பிரித்து மாட்டுக்குப் போடுவது எப்படி

கட்டைப் பிரித்து முடித்ததும் கயிறு மொத்தமும் உங்கள் கையில் இருக்கவேண்டும், ஒரு சாண் துண்டுகூடத் தொட்டிக்குள் போயிருக்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் முதல் நாளிலிருந்தே பழகிக்கொண்டால் மீதி எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். சென்னைக்கு வடக்கே மாதவரம், மாத்தூர், கொசப்பூர், வடபெரும்பாக்கம் பக்கம் புதிதாக இரண்டு மூன்று மாடு வாங்கிக் கட்டியிருப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பால் கறக்கச் சொல்லித்தர ஆள் இருக்கிறது, சினை பார்க்க டாக்டர் இருக்கிறார், ஆனால் வைக்கோல் கட்டைப் பிரிப்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. இதில் என்ன இருக்கிறது, அறுத்துப் போடவேண்டியதுதானே என்று விட்டுவிடுகிறார்கள்.

என் தாத்தா காலத்தில் அப்படி விட்டுவிடலாம். அப்போது வைக்கோலைக் கையால் கட்டுவார்கள், கட்டுவதற்கு வைக்கோலையே முறுக்கிப் பிரி திரிப்பார்கள். கட்டோடு சேர்த்துப் பிரியையும் மாடு தின்றுவிடும், ஒரு கெடுதலும் இல்லை. இப்போது வருவது டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் பேலரில் கட்டிய உருளை. அறுவடை இயந்திரம் நெல்லை அறுத்துக்கொண்டு போனபின் வயலில் வரிசையாகக் கிடக்கும் வைக்கோலை அது வாரி, வயிற்றுக்குள் உருட்டி, கயிறு சுற்றி, பின்பக்கமாகத் தள்ளிவிடும். நம் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் இரண்டடி குறுக்களவும் மூன்றடி நீளமும் இருக்கும், எடை 15 கிலோவிலிருந்து 25 கிலோ வரை. சுற்றியிருப்பது சணலாகவும் இருக்கும், பிளாஸ்டிக் கயிறாகவும் இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பழைய பழக்கத்தில் கட்டை அப்படியே மாட்டுக்கு முன்னால் உருட்டிவிடுவதை நான் எத்தனையோ கொட்டகையில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் செவலைப் பசு ஒரு தடவை மூன்று நாள் அசை போடாமல் நின்றது. தவிடு வைத்தால் முகர்ந்து பார்க்கும், நாக்கை நீட்டும், விட்டுவிடும். இடது பக்க வயிறு உப்புவதும் வடிவதுமாக இருந்தது, சாணி போடுவது குறைந்துகொண்டே வந்தது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வண்டி வைத்துக் கொண்டுபோனோம். வயிற்றைத் திறந்து எடுத்ததில் இரண்டு கை நிறைய நீலக் கயிறு வந்தது, தேங்காய் நார் முறுக்கியதுபோல் உருண்டையாகி, நடுவில் ஒரு பால் கவர் சிக்கியிருந்தது. பால் கவர் தெருவில் மேய்ந்தபோது போயிருக்கும். நீலக் கயிறு எங்கள் கொட்டகையிலிருந்துதான் போனது, அந்தக் கட்டுகளை அறுத்துப் போட்டவன் நான். மாடு பிழைத்துவிட்டது. அன்றைக்கு அந்த உருண்டையை ஒரு தட்டில் வைத்து என்னிடம் காட்டினார்கள், அதை இன்னமும் மறக்கமுடியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்றால், மாடு மென்று விழுங்குவதில்லை, விழுங்கிவிட்டு அப்புறம்தான் மெல்லுகிறது. நாக்கால் சுருட்டி இழுத்து உள்ளே தள்ளிவிடும், வாயில் இருப்பது வைக்கோலா கயிறா என்று பிரித்துப் பார்க்க அதற்கு வராது. முதல் இரைப்பைக்குள் போன பிளாஸ்டிக் செரிக்காது, அடுத்த அறைக்கும் நகராது, அங்கேயே கிடந்து வருகிறதையெல்லாம் சேர்த்துப் பின்னிக்கொள்ளும். 2019 அக்டோபரில் திருமுல்லைவாயிலைச் சேர்ந்த ஒரு மாட்டின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை இதே வேப்பேரியில் எடுத்தார்கள், பேப்பரில் எல்லாம் வந்தது. அது ஒரு நாளில் சேர்ந்தது இல்லை. தினம் கொஞ்சம், தினம் கொஞ்சம்.

சரி, வேலைக்கு வருவோம்.

வாங்கும்போது

பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கம் சம்பா அறுவடை முடியும் தை, மாசியில்தான் வைக்கோல் மலிவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் விலை ஏறிவிடும், ஏறின விலைக்கும் நல்ல கட்டு கிடைக்காது. அதனால் இடம் இருந்தால் மாசியிலேயே வாங்கி அடுக்கிவிடுங்கள். எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவது சுலபம். பசுந்தீவனமும் அடர்தீவனமும் கொடுக்கிற கலப்பினப் பசு ஒன்றுக்கு நாளுக்கு 4 முதல் 6 கிலோ வைக்கோல். மூன்று மாட்டுக்கு நாளுக்கு 15 கிலோ என்று வைத்தால் மாதம் 450 கிலோ, 20 கிலோ கட்டாக இருந்தால் 22 அல்லது 23 கட்டு. அதற்குமேல் சிந்துவது, கெடுவது என்று பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

கட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசாதீர்கள், கிலோவுக்குப் பேசுங்கள். பார்வைக்கு ஒரே அளவாக இருக்கும் இரண்டு கட்டில் ஒன்று 15 கிலோ, இன்னொன்று 24 கிலோ இருக்கும். மாதவரம், மணலி பக்கம் லாரிகளுக்கான எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. வண்டியை ஏற்றோடு ஒரு தடவை, இறக்கியபின் ஒரு தடவை எடை போட்டால் வேலை முடிந்தது. குட்டி யானையில் வருகிற சின்ன லோடு என்றால் ஒரு கொக்கித் தராசு வாங்கி வைத்துக்கொண்டு நாலைந்து கட்டைத் தூக்கிப் பார்த்துச் சராசரி எடுத்தாலும் போதும். அதே நேரத்தில் எடை அதிகமான கட்டைப் பார்த்து உடனே சந்தோஷப்படக் கூடாது, ஈரத்தோடு கட்டியிருந்தாலும் எடை ஏறும்.

ஈரம் பார்ப்பது இப்படி. உருளையின் வட்டமான முகத்தில், நடுவில், கையை மணிக்கட்டு வரைக்கும் நுழையுங்கள். நுழைக்கும் முன் பூச்சி, தேள் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் அந்தக் கட்டு புழுங்கிக்கொண்டிருக்கிறது. கை போகாத அளவுக்கு இறுக்கமாக இருந்தால் ஒரு இரும்புக் கம்பியைக் குத்தி, பத்து நிமிடம் விட்டு, உருவித் தொட்டுப் பாருங்கள். வெளியே பொன் நிறமாக, முறுமுறுவென்று இருக்கும், உள்ளே மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கும், அதைத்தான் ஏமாறாமல் பிடிக்கவேண்டும். காய்ந்த வைக்கோல் என்றால் ஒரு பிடியை முறுக்கும்போது நொறுங்கும் சத்தம் வரும், ஈரமானது சத்தமில்லாமல் வளையும். நூறு கிலோவில் 15 கிலோவுக்குமேல் ஈரம் இருக்கக் கூடாது, 20 தாண்டினால் உள்ளே சூடும் பூஞ்சையும் நிச்சயம். வைக்கோல்போர் தானாகப் பற்றிக்கொள்வதுகூட இந்தச் சூட்டினால்தான். 

அடுக்கும்போது

தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் கொட்டகையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, கீழ் வரிசைக் கட்டுகள் அத்தனையும் ஊறி, இரண்டாவது வரிசைக்கும் ஈரத்தை ஏற்றிவிட்டன. இப்போது ஹாலோ பிளாக் மேல் மரப்பலகை போட்டு ஒன்றரை அடி உயர்த்தி வைத்திருக்கிறோம். உங்கள் தெருவில் மழைத் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பது பக்கத்து வீட்டுச் சுவரில் கறையாகத் தெரியும், அதற்கும் மேலே உயர்த்துங்கள். சுவருக்கும் கட்டுக்கும் நடுவே ஒரு கை அகலம் காற்று போக விடுங்கள். தார்ப்பாயால் மேலே மட்டும் மூடவேண்டும், நான்கு பக்கமும் சுற்றிக் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும்.

தீபாவளி ராக்கெட்டுக்கும் போகி நெருப்புக்கும் இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு நனைத்த சாக்கும் தயாராக வைத்துக்கொண்டு அந்த இரவுகளில் யாராவது விழித்திருங்கள். கொட்டகைக்குப் பக்கத்தில் பையன்கள் டயர் கொளுத்தினால் போய்ச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

கட்டை இழுக்கக் கையை இடுக்கில் விடக் கூடாது. புழல் ஏரி ஓரத்திலும் காலிமனைகள் பக்கத்திலும் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை, எலி வரும் இடத்தில் பாம்பும் வரும். ஹார்பரில் மூட்டை தூக்குபவர்கள் வைத்திருப்பதுபோல ஒரு கொக்கி வாங்கிக்கொள்ளுங்கள், இழுக்கவும் உருட்டவும் அதுவே போதும். எலிச் சிறுநீர் பட்டு நாறும் கட்டைத் தனியாக ஒதுக்குங்கள், எலிக்காய்ச்சல் மாட்டுக்கும் வரும், உங்களுக்கும் வரும்.

பிரிக்கும்போது

இங்கேதான் அவசரப்படக் கூடாது.

முதலில் இடம். மாட்டின் முகத்துக்கு எட்டாத இடமாக, அடியில் ஒரு பழைய பேனர் விரித்து அதன்மேல் பிரியுங்கள். சிமெண்ட் தரையில் பிரித்தால் விழுந்த கயிறு சாணியோடு போய்விடும், பேனரில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். பால் கறக்கும் நேரத்தில் பிரிக்கவே பிரிக்காதீர்கள், தூசும் வாடையும் பாலில் இறங்கும். கறந்து, பாலைக் கொட்டகையை விட்டு வெளியே எடுத்துவைத்த பிறகு பிரியுங்கள். மூக்கில் ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள், பூஞ்சைத் தூசு வருடக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

அடுத்தது கயிறு. நம்மில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அரிவாளை எடுத்துக் கட்டின் குறுக்கே ஒரே இழுப்பாக இழுப்பார்கள், கயிறு பத்துப் பன்னிரண்டு துண்டாகி வைக்கோலுக்குள் போய்விடும், அப்புறம் எத்தனை துண்டு எடுத்தோம், எத்தனை மீதி என்று யாருக்கும் தெரியாது. பேலர் சுற்றுவது அநேகமாக ஒரே நீளக் கயிறுதான், ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை சுற்றிக்கொண்டே போகும். அந்த முனையைத் தேடுங்கள். உருளையின் ஓரத்தில், விரற்கடை நீளத்துக்குத் தொங்கிக்கொண்டு இருக்கும், வைக்கோலுக்குள் செருகியும் இருக்கும். அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே கட்டைக் காலால் மெதுவாக உருட்டினால் கயிறு முழு நீளமாகக் கழன்று வரும். முழங்கைக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டுக்கு ஒரு நிமிடம், பழகினால் அதுவும் ஆகாது. இரட்டைக் கயிறு சுற்றிய கட்டாக இருந்தால் இரண்டு முனை இருக்கும், இரண்டையும் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

முனை கிடைக்கவே இல்லை, இறுகிப்போய்விட்டது என்றால்தான் அறுக்கவேண்டும். அறுக்கும் முன் சுற்றுகளை எண்ணுங்கள். ஒரே நீளக் கயிற்றைப் பன்னிரண்டு இடத்தில் அறுத்தால், இரண்டு ஓர முனைகளையும் சேர்த்துப் பதின்மூன்று துண்டும் கைக்கு வரவேண்டும். எல்லாச் சுற்றையும் நேர்கோட்டில் அறுத்து, எதிர்ப்பக்கத்தில் மொத்தமாகப் பிடித்து, வைக்கோலைத் தளர்த்தாமல் ஒரே உருவாக உருவுங்கள். கருக்கரிவாளின் நுனியைக் கயிற்றுக்கு அடியில் கொடுத்து உங்கள் உடம்புக்கு வெளிப்பக்கமாக அறுக்கவேண்டும், தன் பக்கம் இழுத்து அறுத்துத் தொடையில் வாங்கியவர்கள் உண்டு.

எடுத்த கயிற்றைத் தொங்கவிட ஒரு ஆணி அடித்துவையுங்கள். எங்கள் கொட்டகையில் வாசல் தூணில் அடித்திருக்கிறோம். இன்றைக்கு இரண்டு கட்டு பிரித்தால் ஆணியில் இரண்டு சுருள் இருக்கவேண்டும். ராத்திரி கொட்டகையைப் பூட்டும்போது என் தங்கை அதை எண்ணுவாள், ஒன்று குறைந்தால் தொட்டியைக் கிளறித் தேடிவிட்டுத்தான் சாப்பிடப் போவோம். 

கயிறு கழன்றதும் உருளை பாய் சுருட்டியதுபோல அடுக்கடுக்காகப் பிரியும். மொத்தமாக உதறாமல் ஒரு அடுக்காக உரித்துப் பாருங்கள். வெளி அடுக்கு வெயில் பட்டு வெளுத்திருக்கும், அதில் தவறில்லை. நடு அடுக்கில் வெள்ளையாகவோ கருப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சை இருக்கிறதா, புளித்த வாடை வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் பிய்த்துவிட்டு மீதியைப் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கறவை மாட்டுக்கு வேண்டாம், சினை மாட்டுக்கு வேண்டவே வேண்டாம். பூஞ்சை பிடித்த தீவனத்தின் நஞ்சு பாலிலும் இறங்கும், அந்தப் பாலை நாம் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஊற்றுகிறோம். பூஞ்சை வைக்கோலால் எருமைகளுக்கு டெக்னாலா என்று ஒரு நோய் வரும், வால் நுனியும் காது ஓரமும் குளம்புக்கு மேலும் அழுகி உதிர ஆரம்பிக்கும். கெட்ட வைக்கோலை எருக்குழியில் போடுங்கள், மாட்டுக்குப் படுக்கையாகவும் விரிக்காதீர்கள், படுத்துக்கொண்டே தின்றுவிடும்.

பேலர் வைக்கோலை மட்டும் வாராது. சாலை ஓர வயல் என்றால் பிளாஸ்டிக் கவர், பாட்டில் ஓடு, கட்டுக்கம்பித் துண்டு எல்லாம் உள்ளே உருண்டுவிடும். கம்பியும் ஆணியும் உள்ளே போனால் இரைப்பையைத் துளைத்துக்கொண்டு நெஞ்சுக்குப் போய்விடும், இதயத்துக்கும் அந்த இரைப்பைக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய சுவர்தான். பழைய இரும்புக் கடையில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தம் ஒன்று வாங்கி ஒரு குச்சியில் கட்டிவைத்துக்கொள்ளுங்கள். உதறிப் போட்ட வைக்கோலில் அதை ஒரு தடவை மேலும் கீழுமாக ஓட்டி எடுங்கள். முதல் வாரத்திலேயே எங்களுக்கு ஒரு குண்டூசியும் அரை விரல் நீளக் கம்பியும் மாட்டின.

வெட்டுவதும் போடுவதும்

நீள வைக்கோலை அப்படியே போட்டால் மாடு இழுத்து உதறிக் கால்வாசியை மிதித்துப் பாழாக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிப் போட்டால் மிச்சம் வைக்காது. நாலு மாட்டுக்குமேல் இருந்தால் வீட்டுக் கரண்டில் ஓடும் தீவனம் வெட்டும் மெஷின் ஒன்று வாங்கலாம். எர்த் இல்லாமல் ஓட்டாதீர்கள், கொட்டகைத் தரை எப்போதும் ஈரம். கழுத்துத் துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் இருக்கக் கூடாது. சிக்கிக்கொண்டால் கையை விட்டு இழுக்காமல் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கயிறு எடுக்காத கட்டை மெஷினில் கொடுத்துவிட்டால் அந்தக் கயிறு பொடியாகி வைக்கோலோடு கலந்துவிடும், பொறுக்கவே முடியாது, அந்த ஈடு மொத்தமும் எருக்குழிக்குத்தான்.

வைக்கோல் வயிற்றை நிரப்பும், சத்து குறைவு. புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். அதனால் நீர்ப்புல்லோ கம்பு நேப்பியரோ 15, 20 கிலோ, தவிடு புண்ணாக்கு, தாது உப்புக் கலவை இவையும் சேரவேண்டும். லேசாகத் தண்ணீர் தெளித்துப் போட்டால் தூசு அடங்கும், ஆனால் நனைத்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் சாயந்திரத்துக்குள் புளித்துவிடும். வைக்கோல் தின்னும் மாடு நிறையக் குடிக்கும், கறவை மாட்டுக்கு நாளுக்கு 60 லிட்டருக்குக் குறையாமல் எப்போதும் தொட்டியில் தண்ணீர் இருக்கட்டும். யூரியா தெளித்து மூடிவைத்து வைக்கோலில் சத்து ஏற்றும் முறை ஒன்று இருக்கிறது, நல்ல முறைதான், ஆனால் அளவு தப்பினால் மாடு செத்துவிடும். முதல் வருடம் அந்தப் பக்கம் போகவேண்டாம், அப்புறம் மாதவரம் பால்பண்ணையில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழகத்தில் நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

டிராக்டரில் மாட்டும் ஸ்பிளிட்டர் வேண்டுமா

உருளையைப் பிளக்கும் இந்தக் கருவியை வெளிநாட்டு வீடியோவில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அது நம் 20 கிலோ வைக்கோல் உருளைக்கு இல்லை. அரை டன், முக்கால் டன் எடையில் பிளாஸ்டிக் சுற்றி வரும் பெரிய ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம், சைலேஜ்) உருளைகளுக்கானது. டிராக்டரின் முன் லோடரிலோ பின்னால் கருவிகளைத் தூக்கும் மூன்று புள்ளி இணைப்பிலோ மாட்டுவார்கள். ஈட்டிகள் உருளையைத் தாங்கிப் பிடிக்க, ஹைட்ராலிக் விசையில் ஒரு பெரிய கத்தி அதை நடுவில் பிளக்கும், சுற்றியிருந்த பிளாஸ்டிக்கையும் வலையையும் மேலே ஒரு பிடி கவ்விக்கொள்ளும், தீவனம் மட்டும் கீழே விழும். அங்கேயும் பார்த்தீர்களா, கயிறும் வலையும் மாட்டுக்குப் போகாமல் பிடித்துக்கொள்வதற்கென்றே ஒரு பாகம் வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்குப் பொருந்துமா என்று இப்படிப் பாருங்கள். 500 கிலோ உருளையைத் திறந்தால் நம் வெயிலுக்கு இரண்டு நாளில் தீர்த்துவிடவேண்டும். மாட்டுக்கு நாளுக்கு 20 கிலோ ஊறுகாய்ப்புல் என்றால் குறைந்தது பன்னிரண்டு பதின்மூன்று மாடு வேண்டும். ஐந்து மாட்டுக்காரர் ஊறுகாய்ப்புல்லை 50 கிலோ மூட்டையாக வாங்குவதே சரி. பெரிய பண்ணை வைத்து ஸ்பிளிட்டர் ஓட்டப்போகிறவர்கள் சிலதை மறக்கவே கூடாது. உருளை எடையையும் கருவி எடையையும் சேர்த்து டிராக்டரால் தூக்கமுடியுமா என்று பாருங்கள், பின்னால் தூக்கினால் முன் சக்கரம் இலேசாகிவிடும், எதிர்ப்பக்கம் எடை கட்டவேண்டும். தூக்கிய உருளையைத் தாழ்வாக வைத்தே ஓட்டுங்கள். அதன் அடியிலோ எதிரிலோ ஆள் நிற்கக் கூடாது. பிளாஸ்டிக்கை அறுக்கப் போகும் முன் கருவியைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக் குழாயில் கசிவு தெரிந்தால் விரலால் தடவிப் பார்க்காதீர்கள், அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஒரு அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

கயிறு போய்விட்டால்

தின்னும்போதே பார்த்துவிட்டீர்கள், வாய்க்கு வெளியே முனை தொங்குகிறது என்றால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், தொண்டையை அறுத்துவிடும். தலையைப் பிடித்துக்கொண்டு, லேசாக இழுத்தாலே வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். உள்ளே போனது தெரிந்தால் எண்ணெய் ஊற்றுவது, சோடா ஊற்றுவது எதுவும் வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அசை போடுவது குறைந்தால், இடது வயிறு அடிக்கடி உப்பினால், சாணி குறைந்து இறுகினால், பால் காரணமில்லாமல் இறங்கினால் ஒரு நாளுக்குமேல் பொறுக்காமல் 1962க்குப் போன் பண்ணுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண், காசு கிடையாது. என்ன கயிறு, எந்த நிறம், எவ்வளவு நீளம், எந்த நாளில் போயிருக்கும் என்று சொல்லமுடிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும். அதற்கு அதே கட்டுக் கயிற்றில் ஒரு துண்டை ஆணியிலிருந்து எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.